ஊருக்கு வசதி எத்தனை மணிக்கு வரும்?

கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர்களில் மாலை நேர டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னைக்கு த்ரீ பேஸ் எப்போ?" பதில் "ராத்திரி பத்துக்கு மேல" என்று வந்தால் கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார். பிறகு எழுந்து டார்ச்சும் மண்வெட்டியுமாக வரப்பில் நடப்பார். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரை அழுத்தி, தண்ணீர் வாய்க்காலில் ஏறுவதைப் பார்த்து, ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து, அடுத்த மடையை வெட்டிவிட்டு, அதுவும் நிறையக் காத்திருந்து... கோழி கூவிவிடும்.

அந்த ஊரில் மின்சாரம் உண்டா? உண்டு. விவசாயத்துக்கு இலவசம் வேறு. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளின் பம்ப்செட்டுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமானது. அரசின் பதிவேட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தில்தான் குறை.

கிராமத்துக்கு என்னென்ன வசதி உண்டு என்று கேட்டுக்கேட்டே எழுபத்தைந்து ஆண்டுகளை ஓட்டிவிட்டோம். அந்த வசதி எத்தனை மணிக்கு வருகிறது, வரும்போது அதைப் பயன்படுத்த வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. நகரத்தில் வசதி எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள். கிராமத்தில் அது வந்துபோகும் விருந்தாளி. வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போய்விடும்.

உண்டு, இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு வசதிப் பட்டியல் தயாரானது. தொடக்கப்பள்ளி, சுகாதார நிலையம், அஞ்சலகம், வங்கி, பேருந்து, குடிநீர், சாலை என்று நீளும் பட்டியல் அது. எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை'. இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில்? 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10-க்குள், 10-க்கும் மேல். அவ்வளவுதான். மாவட்டவாரியாகப் புத்தகமாகவும் வந்த இந்தப் பட்டியல் ஆய்வாளர்களுக்கு ஒரு புதையல். இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. மின்சாரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது: நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்? கோடைக்குத் தனியாக, குளிர்காலத்துக்குத் தனியாக. நல்ல கேள்விதான். ஆனால், எத்தனை மணி நேரம் என்பது வேறு, எந்த மணி என்பது வேறு. பகல் ஆறு மணி நேரமும் இரவு ஆறு மணி நேரமும் பட்டியலில் ஒரே எண்.

'உண்டு' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததோடு இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால், அந்த அறிவிப்புக்கு அடிப்படையான வரையறைப்படி, ஊரில் மின்மாற்றியும் கம்பியும் வந்து, பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு கிடைத்து, பத்து சதவீத வீடுகளில் விளக்கு எரிந்தால் போதும், அது மின்வசதி பெற்ற ஊர். மீதித் தொண்ணூறு சதவீத வீடுகளுக்கு வேறொரு திட்டம், வேறொரு அறிவிப்பு.

ராத்திரி வேலை

இரவு மின்சாரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம். பெரும்பாலானவை கிராமப்புறச் சாவுகள். பாதியளவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைமாதங்களில் நடந்தவை. எல்லாவற்றையும் இரவு மின்சாரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. கட்டுவிரியன் தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைத் தேடி வீட்டுக்குள்ளேயே வரும். ஆனாலும், நள்ளிரவில் ஈர வரப்பில் செருப்பில்லாமல் நடக்கும்படி ஒரு நாட்டின் மின்வழங்கல் அட்டவணை தன் விவசாயியிடம் சொல்கிறது என்றால், அந்த அட்டவணையைப் போட்டவர் ஒரு ராத்திரியாவது உடன் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

கடிபட்டவருக்கு அடுத்த சிக்கலும் நேரம்தான். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய விதி. தமிழ்நாடு இதில் பல மாநிலங்களைவிட நன்றாகவே இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் மாநில அரசு பட்டியலில் சேர்த்தது. என்றாலும் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போடுவது புதன்கிழமை. மருத்துவரின் வெளிநோயாளி நேரம் பகல். பாம்புக்கோ கிழமையும் இல்லை, நேரமும் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சில் பெரும்பகுதியைத் தருவது தமிழ்நாட்டு இருளர்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. அதைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வயல்வெளியில் பிடித்த பாம்பின் நஞ்சு பிற மாநிலத் தொழிற்சாலைகளுக்குப் போய், மருந்துக் குப்பியாகத் திரும்பி, மறுபடி அதே வயல்வெளியின் பக்கத்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் குப்பி வந்துவிட்டது. வரப்பிலிருந்து மருத்துவமனை வரையிலான கடைசி எட்டு கிலோமீட்டரைக் கடக்கும் பொறுப்பு கடிபட்டவருடையது.

செல்போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடும் கருவி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, பலர் வைத்தும் இருக்கிறார்கள். அதற்கு முன்பே மின்சாரம் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பரவிவிட்டது. அதில் இரண்டு சிக்கல். மின்சாரம் வந்த அதே நொடியில் ஊரிலுள்ள மோட்டார் எல்லாம் சேர்ந்து கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. அடுத்தது, மோட்டாரைப் போட செல்போன் போதும். மடை மாற்ற மண்வெட்டி பிடித்த கை வேண்டும். கை போகாத இரவுகளில் ஒரே பாத்தியில் தண்ணீர் நிரம்பி வழியும், கிணறு வற்றும்.

இதற்கு விடை இருபத்துநான்கு மணி நேர மின்சாரம் அல்ல. தெலங்கானா 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தது. நிலத்தடி நீர் என்னாகும் என்ற கவலையும் கூடவே வந்தது. குஜராத் வேறு வழியில் போனது. 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் ஊருக்கும் வயலுக்கும் மின்வழியைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். வீடு, பள்ளி, மாவு மில்லுக்கு நாள் முழுவதும். வயலுக்கு எட்டு மணி நேரம் மட்டும், ஆனால் முன்கூட்டியே சொன்ன நேரத்தில், முழு அழுத்தத்தில். எட்டு மணி நேரம்தானா என்று முனகியவர்களும் நேரம் தெரிந்ததில் நிம்மதி அடைந்தார்கள். அடுத்தவர் கிணற்றிலிருந்து தண்ணீர் வாங்கிப் பயிர் செய்த நிலமற்ற குத்தகைக்காரர்கள்தான் அடிபட்டார்கள். விற்க உபரித் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது. ஆக, குஜராத்திலும் நேரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடியவில்லை. 2017-ல் மகாராஷ்டிரம் தொடங்கிய சூரிய வேளாண் மின்வழித் திட்டத்தின் நோக்கமே பகலில் மின்சாரம் கொடுப்பதுதான். சூரியன் பகலில்தான் காய்கிறான், விவசாயியும் பகலில்தான் விழித்திருக்க விரும்புகிறார். இரண்டையும் சேர்த்துவைக்க இவ்வளவு காலம் ஆனது ஆச்சரியம்தான்.

தண்ணி தொறந்து விடுறவர்

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாட்டில் 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. நூற்றுக்குப் பதினேழு வீடு. ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை பதினைந்து கோடியைத் தாண்டியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. சுதந்திர இந்தியாவின் பெரிய வேலைகளில் இது ஒன்று என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

குழாய் வந்தபிறகு ஊரில் திடீரென்று முக்கியமானவராகிவிட்டவர் ஒருவர் உண்டு. ஆவணங்களில் அவர் பெயர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர். ஊரில் 'தண்ணி தொறந்து விடுறவர்'. சம்பளம் சொற்பம், அதிகாரம் பெரிது. எந்தத் தெருவின் வால்வை முதலில் திறப்பது, எத்தனை நிமிடம் விடுவது என்பதெல்லாம் அவர் கையில். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தால் களையெடுக்கப் போகிறவர் பிடித்து வைத்துவிட்டுப் போவார். ஒன்பதரைக்கு வந்தால்? அன்றைக்குக் கூலி போச்சு, அல்லது தண்ணீர் போச்சு. வீட்டில் முதியவர் இருந்தால் அவர் குடத்தோடு உட்கார்ந்திருப்பார். யாரும் இல்லாத வீட்டில் குழாய் தன்பாட்டுக்கு ஓடி வாசலில் சேறாகும். புள்ளிவிவரத்தில் அந்தச் சேறும் 55 லிட்டரில் சேர்த்திதான்.

இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. நேரத்தையே அளப்பதற்கென்று அரசு நடத்தும் கணக்கெடுப்பு இது ஒன்றுதான். வால்வு திறக்கும் மணியை அரை மணி முன்னே தள்ளினால் இந்த 289-ல் எவ்வளவு குறையும் என்று குடிநீர்த் துறை இதை எடுத்துப் புரட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

குழாயின் வால் எங்கே போய் முடிகிறது என்பதும் தற்செயல் அல்ல. தொட்டி ஊரின் நடுவே, அல்லது ஊராட்சி மன்றத்துக்குப் பக்கத்தில். பட்டியல் சாதியினர் குடியிருப்பு பல ஊர்களில் குழாயின் கடைசி நுனியில். முதலில் திறக்கிற தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் நுனிக்குக் காற்றுதான் வரும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சொல்லை எடுத்துவிடலாம், குழாயின் நீளத்தை அப்படி எடுத்துவிட முடியாது. தனித் தொட்டி கட்டிக் கொடுத்த இடத்திலும் கதை முடிந்துவிடவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது மாநிலமே அதிர்ந்தது. அந்தத் தொட்டியும் அதுவரை எல்லாக் கணக்கிலும் 'உண்டு' என்றே இருந்தது.

நாற்பது ஆண்டு கழித்து வந்த காலை

நேரத்தைச் சரியாகப் பிடித்த திட்டமே கிடையாதா என்றால், உண்டு. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்பே காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்திருந்தது. உலகம் பாராட்டிய திட்டம். ஆனால் அது மதியம். நடவு நாளில் தாய் காலை ஆறரைக்கே வயலில் இறங்கியிருப்பார். நாற்று முடியை எடுத்துக் கொடுத்து வரிசை பிடிக்கும் நேரத்தில் வீட்டில் பிள்ளை எழுந்து, நேற்றைய சோறு இருந்தால் சாப்பிட்டு, இல்லையென்றால் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும். மதிய மணி அடிக்கும்வரை பசி. இந்தக் காலை மூன்று மணி நேரம் அரசின் கண்ணில் படுவதற்கு 2022 செப்டம்பர் 15 வரை, நாற்பது ஆண்டுகள் ஆயின. அன்றுதான் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. கிச்சடியும் உப்புமாவும் பெரிய கண்டுபிடிப்பா என்ன? தாய் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை யாரோ ஒருவர் கவனித்தார், அதுதான் கண்டுபிடிப்பு.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டமும் ஏறக்குறைய இந்த வகை. முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி வந்தபிறகு கிராமத்து முதியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆயுள் முழுக்கக் களைக்கொத்து பிடித்த விரலில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்பது கிராமம் இந்த நூற்றாண்டில் கற்றுக்கொண்ட புதிய தமிழ் வாக்கியம்.

அஞ்சலகத்தைப் பற்றியும் இரண்டு வரி. கிளை அஞ்சலகத்தை நடத்தும் கிராமிய அஞ்சல் ஊழியரின் வேலை நேரம் நாளுக்கு நான்கு முதல் ஐந்து மணி. பெரும்பாலும் அவர் வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் அலுவலகம். ஆகவே ஊரில் வேலை நேரம் முடிந்தபின்னும் கதவைத் தட்டக்கூடிய அரசு அலுவலகம் அது ஒன்றுதான். தட்டுகிறார்கள்.

கடைசி பஸ்

2021 மே மாதம் பதவியேற்ற கையோடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். வயல் வேலை முடிந்த கையோடு டவுனுக்குப் போய் காய் விற்று வருகிறவருக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். பஸ் வரும் ஊர்களுக்கு இது பெரிய விஷயம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டே நடை ஓடும் ஊர்களில் டிக்கெட்டின் விலை இரண்டாவது பிரச்சினை. கடைசி பஸ் ஐந்தரைக்கு என்றால், தாலுகா அலுவலகத்தில் "மூணு மணிக்கு மேல வாங்க" என்ற ஒரு சொல் போதும், அந்த நாள் வீண். கல்லூரியில் மாலை ஆய்வக வகுப்பு இருக்கிற பெண் பிள்ளை எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பதைக்கூடக் கடைசி பஸ் தீர்மானிக்கிறது.

பெரிய பஸ் போகாத ஊருக்காக 1997-ல் வந்தது மினிபஸ். பாட்டுப் பெட்டியும் ஆட்டுக்குட்டியுமாகக் குலுங்கிப் போன அந்த வண்டிகள் தமிழ்ச் சினிமாவில்கூட இடம் பிடித்தன. வழித்தடம் கட்டுப்படியாகாமல் பல நின்றுபோயின. 2025 ஜூனில் வழித்தடத்தை 25 கிலோமீட்டர் வரை நீட்டிப் புதிய திட்டம் தொடங்கப்பட்டது. தனியார் முதலாளி கூட்டம் ஏறும் நேரத்தில் ஓட்டுவார். மதியம் இரண்டரைக்குக் கர்ப்பிணி ஒருவருக்காக ஓட்ட மாட்டார். உரிமம் கொடுக்கும்போது வழித்தடத்தைப் போலவே நேரத்தையும் எழுதி வாங்க வேண்டும், மீறினால் கேட்க ஆள் வேண்டும்.

நேரத்துக்குக் காத்திருக்க வைக்காத வாகனம் ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம், ஏனென்றால் அதன் பெருமை தமிழ்நாட்டுக்கு உரியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்கப்படுத்தினார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூக்காரிகள் என்று எல்லாரும். கேலி பேசியவர்கள் பேசினார்கள். ஆனால், பின்னால் குடத்தைக் கட்டிக்கொண்டும் முன்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டும் போன பெண்ணுக்கு அன்று முதல் பஸ்ஸின் நேரமும் முக்கியமில்லை, வீட்டு ஆண் கூட்டிப்போக வருகிற நேரமும் முக்கியமில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது நாடு முழுக்கப் படிக்கப்பட்டது.

பின்னாளில் பீகார் இதையே பெரிய அளவில் செய்தது. 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து பார்த்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பள்ளி அங்கேயேதான் இருந்தது, ஓர் அடி நகரவில்லை. வசதிப் பட்டியலில் எந்த எழுத்தும் மாறவில்லை.

ஜூன் 12

காவிரி டெல்டா ஊர்களுக்கு எல்லா வசதிக்கும் மேலான வசதி ஒன்று உண்டு. மேட்டூர் அணை திறக்கும் தேதி. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை. வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும், பிறகு கிளை கிளையாகப் பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். குறுவை சுமார் 110 நாள் பயிர். ஜூனில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் அறுத்துவிடலாம். தேதி தள்ளிப்போனால் கணக்கு முழுக்கத் தள்ளிப்போகும். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். தூர்வாரும் வேலை முடியாத வாய்க்கால்களில் தண்ணீர் வரும்போது பொக்லைன் நின்றுகொண்டிருந்ததாகக் குறை எழுந்தது. 2024-ல் அணையில் நீரில்லாமல் ஜூலை 28 ஆயிற்று. சீக்கிரம் வந்தாலும் அவதி, தாமதமானாலும் அவதி.

அறுத்தபிறகு அடுத்த கடிகாரம் ஓடத் தொடங்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையம். அரசு விலை, கையில் பணம், தரகர் தொல்லை இல்லை. டெல்டா விவசாயிக்கு இது உயிர்நாடி. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுக் கழகத்தின் விதி. வெயிலில் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்த நெல்லைச் சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை என்று நான்கு நாள் வாசலிலேயே கிடத்தினால், ஒரு மழையில் 20-ஐத் தாண்டும். 2025 அக்டோபரில் டெல்டாவின் பல கொள்முதல் நிலையங்களில் இதுதான் நடந்தது. நெல் குவியலிலேயே முளைவிட்டது. ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுவதும், ஒன்றியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் சடங்காகிவிட்டது. குழு வந்து சேரும் நேரத்துக்கு மழை பெரும்பாலும் விட்டிருக்கும்.

யாரைக் கேட்பது?

தண்ணீர் வராத காலையில் ஊர்க்காரர் போய் நிற்கிற இடம் ஊராட்சித் தலைவரின் வாசல். ஆறு மணிக்கும் கூப்பிடலாம், திட்டலாம். 1992-ல் நிறைவேறிய 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராமத்துக்குக் கொடுத்த பெரிய வசதி அந்த வாசல்தான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஆனால், 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, தேர்தல் நடக்காமல் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் இத்தனைக்கும் தலைவர் இடத்தில் இருந்தால், எந்த ஊரின் வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் திறமையற்றவர் என்பதல்ல வாதம். அவருக்கும் ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரம்தான். அவர் அலுவலகம் திறக்கும் நேரத்தில் ஊர் வயலில் இருக்கும். ஊர் வீடு திரும்பும் நேரத்தில் அவர் அலுவலகம் பூட்டியிருக்கும்.

செய்யக்கூடியது என்று பார்த்தால் பெரிய செலவில்லாத வேலைதான். வால்வு, பஸ், ரேஷன், செவிலியர் வருகை, த்ரீ பேஸ், அங்கன்வாடி எல்லாவற்றின் நேரத்தையும் ஒரு பலகையில் எழுதி கிராமசபையில் வைக்கலாம். நடவுக் காலத்துக்கு ஒன்று, அறுவடைக் காலத்துக்கு ஒன்று, வேலையில்லா மாதங்களுக்கு ஒன்று என மாற்றிக்கொள்ளலாம். மின்வாரியமும் போக்குவரத்துத் துறையும் அந்தப் பலகைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு அரசாணை போட்டால், கிராமசபையில் தீர்மானம் வாசித்துவிட்டு டீ குடித்துக் கலையும் வழக்கமும் கொஞ்சம் மாறும். அதிகாரிகள் இதற்குத் தயங்குவார்கள். நேரத்தை எழுதிவைத்தால் தவறியதும் தெரிந்துவிடுமே.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூனிலேயே அறிவிக்கை வந்துவிட்டது. கிராம வசதிப் பட்டியலையும் புதுப்பிப்பார்கள். அதில் 'உண்டு', 'இல்லை', 'தூரம்' ஆகியவற்றோடு 'நேரம்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் கணக்கெடுப்பாளர் கையில் என்ன எழுதிக்கொண்டு திரும்புவார்? ஏதோ ஒரு மானாவாரி ஊரில் அது இப்படி இருக்கலாம். குடிநீர்: ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஒன்பதரைக்கு, இருபது நிமிடம். பேருந்து: காலை ஏழு பத்து, மாலை ஐந்து நாற்பது, ஞாயிறு கிடையாது. செவிலியர்: புதன். அஞ்சலகம்: தட்டினால் திறக்கும். ரேஷன்: சர்வரைப் பொறுத்து. மும்முனை மின்சாரம்: இந்த வாரம் இரவு பத்து முதல், அடுத்த வாரம் என்னவென்று மெசேஜ் வர வேண்டும்.